பழகிடும் சார்

சென்ற ஆண்டு முதல் முறையாக, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையில் (லென்ஸில்) பார்க்க உதவும் ப்ரோக்ரஸிவ் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து ஐந்து மாதங்கள், வெவ்வேறு மேசைகளுக்குப் பின்னாலிருந்து, வெவ்வேறு குரல்களில், ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்: “பழகிடும் சார்.” தரை சரிவாகத் தெரிகிறது என்றேன்; பழகிடும் என்றார்கள். மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படி எங்கே முடிகிறது என்று காலால் துழாவிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றேன். முகவாயைக் கொஞ்சம் தாழ்த்திப் பாருங்கள், பழகிடும் என்றார்கள். படிக்கும்போது வரியின் ஒரு பாதி துலக்கமாகவும் மறுபாதி எண்ணெய் பட்ட தாளில் அச்சடித்தது போலவும் இருக்கிறது என்றேன். அதற்கும் அதே பதில்தான். அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. எனக்கு உண்மையிலேயே பழகிவிட்டது. என்னில் எது, எதற்குப் பழகியது என்று கண்டுபிடிக்கத்தான் ஐந்து மாதங்களும் ஒரு கழன்ற திருகாணியும் தேவைப்பட்டன.

பன்னிரண்டு வயதிலிருந்து கண்ணாடி போடுகிறவன் நான். இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.75, வலக்கண்ணில் கூடவே கொஞ்சம் சிலிண்டர், அதாவது விழியின் வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாததற்கான திருத்தம். நாற்பதைத் தாண்டியதும் எல்லோரையும் போல எனக்கும், கிட்டத்தில் எழுத்து மங்கும் வெள்ளெழுத்து வந்தது. அதற்குச் சாளேசுரம் என்றும் பெயர் உண்டு. நாற்பதைக் குறிக்கும் சாலீஸ் என்ற இந்திச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள்; அப்படியானால் நோயின் பெயரிலேயே வயதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. மைனஸ் 3.75 என்றால், கண்ணாடியைக் கழற்றிய கண்ணுக்கு ஒன்றை 3.75ஆல் வகுத்த தொலைவில், அதாவது ஏறக்குறைய 27 சென்டிமீட்டரில், எந்த முயற்சியும் இல்லாமல் எழுத்து தெளிவாகத் தெரியும். அதனால் சில ஆண்டுகள் கண்ணாடியைக் கழற்றிப் படித்தே காலத்தை ஓட்டினேன். கணினித் திரையை 27 சென்டிமீட்டரில் வைத்து வேலை செய்ய முடியாது என்ற நிலை வந்தபோதுதான், நாற்பத்தொன்பதாவது வயதில், தூரம், நடுத்தூரம், கிட்டம் மூன்றையும் ஒரே வில்லையில் தருவதாகச் சொல்லும் ப்ரோக்ரஸிவ் பக்கம் போனேன். கிட்டத்துக்குக் கூட்டிய பவர் பிளஸ் 2.00.

ஒன்றா, இரண்டா?

கண்ணாடி சரியில்லை என்றதும் முதலில் நான் சந்தேகப்பட்டது கடையை அல்ல, என்னை. கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த உணர்வு புரியும். இருட்டறை, எதிரே ஒளிரும் எழுத்துகள், முகத்தின் முன்னால் கனமான கருவி. உள்ளே வில்லை மாறும் ‘டிக்’ என்ற ஒலியோடு கேள்வி வருகிறது: “இது தெளிவா, இது தெளிவா? ஒன்றா, இரண்டா?” முதல் நான்கு கேள்விகளுக்கு உறுதியாகப் பதில் சொல்லுவேன். பிறகு இரண்டும் ஒன்று போலத் தோன்றத் தொடங்கும். கேட்பவரின் குரலில் அவசரம் கூடுவதாக ஒரு பிரமை. வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பிக்க வேண்டும் என்று “இரண்டு” என்பேன். இரண்டு எண்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொன்னதால்தான் தவறான கண்ணாடி வந்துவிட்டது என்று பல வாரங்கள் உள்ளூர நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பிறகு உட்கார்ந்து படித்தபோது எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. சிலிண்டர் பவரின் அளவையும் அச்சையும் நுணுக்கிப் பார்க்க ஜாக்சன் கிராஸ் சிலிண்டர் என்றொரு வில்லையைப் பயன்படுத்துகிறார்கள். அதைப் புரட்டிப் புரட்டிக் காட்டித்தான் ‘ஒன்றா, இரண்டா’ என்று கேட்கிறார்கள். அந்தச் சோதனையின் முடிவே ‘இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது’ என்ற பதில்தான். இரண்டு காட்சிகளும் சமமாக மங்கித் தெரியும் இடத்தில்தான் சரியான அளவு இருக்கிறது. ஆக, நான் எந்தக் கட்டத்தில் தடுமாறி, தோற்றுவிட்டதாக நினைத்து, பொய்யாக ஓர் எண்ணைச் சொன்னேனோ, அதுதான் அவர்கள் தேடிக்கொண்டிருந்த இடம். “ரெண்டும் ஒண்ணா இருந்தா அதையே சொல்லுங்க, அதுவும் சரியான பதில்தான்” என்று சொல்ல ஐந்து விநாடி போதும். முப்பத்தேழு ஆண்டுகளில் ஒருவரும் சொன்னதில்லை.

இந்தப் பரிசோதனையில் அளவு கருவி நாம்தான். நம் பதில் மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை என்பதும் உண்மை. பயிற்சி உள்ளவர் முதலில் ஒளிக்கற்றையைக் கண்ணுக்குள் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் அசைவைப் பார்த்தோ, தானியங்கிக் கருவியில் அளந்தோ ஒரு தொடக்க அளவை எடுத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் நம்மைக் கேட்கிறார். பவரின் அலகு டயாப்டர். கால் டயாப்டர் படிகளில் நகரும் இந்த அளவீட்டில், இன்றைக்கும் நாளைக்கும் கால் டயாப்டர் வேறுபாடு வருவது இயல்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் தன்மையே மாறி, பவர் இன்னும் கூடுதலாக விலகும். சர்க்கரை கட்டுக்குள் வராத வாரத்தில் எடுத்த அளவுக்குக் கண்ணாடி செய்வது வீண்செலவு. சின்னக் குழந்தைகளின் கண் தானாகக் குவித்துக்கொண்டு அளவை ஏமாற்றும் என்பதால் சொட்டு மருந்து விட்டுத்தான் அளக்க வேண்டும். இவற்றையெல்லாம் நாற்காலியில் இருப்பவருக்குச் சொல்வதில்லை. சொல்லாததன் விளைவு, கண்ணாடி கோளாறாக அமைந்தால் பழியை அவரே எடுத்துக்கொள்கிறார். நானும் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் மாதத்தில் வேறோர் இடத்தில் கட்டணம் கட்டி, முதலிலிருந்து மறுபடியும் பரிசோதித்துக்கொண்டேன். பழைய சீட்டில் இருந்த அதே எண்கள் வந்தன. வில்லையின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள், பவர் சரி. இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தை, கடைகளில் பி.டி. என்று சொல்வதை, அளந்தார்கள். 64 மில்லிமீட்டர், அதுவும் சரி. எல்லாம் சரியாக இருக்கிறது, உங்களுக்குத்தான் பழக வேண்டும் என்றார்கள். அன்றைக்கு என்னைப் பரிசோதித்த இளைஞரிடம் நான் மன்னிப்புக் கேட்காத குறைதான்.

ரசீதில் இருப்பதும் இல்லாததும்

அதற்குள் செலவு என்னவாகியிருந்தது என்று ஒரு நாள் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். முதல் பரிசோதனைக்குக் காசில்லை. அங்கேயே கண்ணாடி வாங்கினால் பரிசோதனை இலவசம். இந்த ‘இலவசம்’ என்ற சொல்லைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. பயிற்சி பெற்ற ஒருவரின் அரை மணி நேரத்துக்கு யாரோ பணம் தந்தே ஆக வேண்டும். அது சட்டகத்தின் விலைக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்துகொண்ட பிறகு, அந்த அரை மணி நேரம் வருமானமாகத் தெரிவதில்லை. விற்பனைக்கு முந்தைய தாமதமாகத் தெரிகிறது. தாமதத்தைக் குறைக்கத்தான் எவரும் முயல்வார்கள். நான் எட்டு நிமிடத்தில் எழுந்து வந்தேன். கண்ணழுத்தம் பார்க்கவில்லை, விழித்திரையைப் பார்க்கவில்லை. கண்ணழுத்த நோய் (கிளாக்கோமா) பெரும்பாலும் வலியில்லாமல், பார்வையின் ஓரங்களை முதலில் தின்றுகொண்டு வளரும் என்பதையும், கண்ணாடிக்குப் பவர் பார்ப்பதும் கண்ணைப் பரிசோதிப்பதும் ஒன்றல்ல என்பதையும் அங்கே யாரும் குறிப்பிடவில்லை. சட்டகங்கள் இருக்கும் சுவருக்கு அழைத்துச் செல்லும்போது மட்டும் ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

பிறகு வில்லைக்கான வரிகள். 1.50, 1.60, 1.67, 1.74 என்று ஏறிக்கொண்டே போகும் எண்களை ‘மெலிசு, இன்னும் மெலிசு’ என்று விற்றார்கள். அவை ஒளிவிலகல் எண்கள். எண் கூடினால் அதே பவருக்கு விளிம்பு மெலியும் என்பது உண்மைதான். எவ்வளவு மெலியும் என்று மட்டும் சொல்வதில்லை. என் பவருக்கு, நான் எடுத்த அளவான சட்டகத்தில், 1.60க்கும் 1.74க்கும் விளிம்பில் கிடைக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டரை எட்டாது. சற்றுச் சிறிய சட்டகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதே மெலிவு செலவில்லாமலே கிடைத்திருக்கும். விலை ஏற ஏற எல்லாம் மேம்படுகிறது என்பதும் இல்லை. நிறங்களைச் சிதறடிக்காமல் ஒளியை வளைக்கும் திறனுக்கு ஆபே எண் என்று பெயர். அது பெரிதாக இருந்தால் நல்லது. சாதாரண 1.50 வில்லைக்கு அது 58 அளவில் இருக்கிறது, மிக விலை உயர்ந்த 1.74க்கு முப்பத்துச் சொச்சம்தான். மைனஸ் 10 போடுகிறவருக்கு அந்த விலையைக் கொடுப்பதில் பொருள் உண்டு. எனக்கு இல்லை. ஆனாலும் கொடுத்தேன்.

எதிரொளி தடுக்கும் பூச்சுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பூச்சில்லாத சாதாரண வில்லையே இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒளிவிலகல் எண் கூடினால் அந்த இழப்பும் கூடுகிறது என்பதால், மெலிசான வில்லைக்கு இந்தப் பூச்சு ஆடம்பரமல்ல. நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லும் ‘புளூ கட்’ என்ற வரியைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. கணினி பார்ப்பதால் வரும் கண்சோர்வை அது குறைக்கிறதா என்று 17 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2023ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வு, குறுகிய காலத்தில் அப்படி எந்தப் பலனும் தெரியவில்லை என்றே சொல்கிறது. “கம்ப்யூட்டர் பார்ப்பீங்களா சார்?” என்று கேட்டார் ஒருவர். ஆம் என்றேன். அந்த ஓர் ஆமுக்கு ரசீதில் ஒரு வரி.

அந்த ரசீதை நான் திரும்பத் திரும்பப் பார்த்ததில் கடைசியில் கண்ணில் பட்டது, அதில் இருப்பதல்ல. சட்டகத்துக்கு வரி இருந்தது, வில்லைக்கு இருந்தது, பூச்சுகளுக்கு இருந்தது, கண்ணாடி துடைக்கும் கூடுதல் துணிக்குக்கூட இருந்தது. அந்த வில்லையை என் முகத்தில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அளப்பதற்கு மட்டும் வரி இல்லை. விலை இல்லாத வேலைக்கு நேரமும் ஒதுக்கப்படவில்லை. கண் மருத்துவச் சீட்டிலும் அதற்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. அமெரிக்காவில், பரிசோதனை முடிந்ததும் கேட்காமலே சீட்டைக் கையில் கொடுத்தாக வேண்டும், வேறெங்கும் கண்ணாடி வாங்கிக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று 1978இலேயே விதி செய்தார்கள். அந்த விதிகூட பி.டி.யைச் சீட்டில் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஓர் எண் இல்லாத சீட்டோடு வெளியே வருகிறவர், எங்கே வாங்கினாலும் மறுபடி யாரிடமாவது முகத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

போட்டி இருந்தால் இதெல்லாம் தானாகச் சீராகும் என்று சொல்வோருக்கு ஒரு தகவல்: உலகின் பெரிய வில்லைத் தயாரிப்பாளரான எஸ்ஸிலோரும் பெரிய சட்டகத் தயாரிப்பாளரான லக்ஸாட்டிகாவும் 2018இல் ஒன்றாக இணைந்துவிட்டன, அந்தக் குழுமத்துக்குச் சொந்தமாகக் கண்ணாடிக் கடைகளின் சங்கிலிகளும் இருக்கின்றன. சுவரில் வெவ்வேறு பெயர்களோடு தொங்கும் சட்டகங்களில் எது எதற்குப் போட்டி என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கவும் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை அறிக்கை, குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது, அதில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்கிறது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கிடைக்காதவர்கள் மட்டும் 82.6 கோடிப் பேர். அவர்களில் மிகப் பலருக்கு வேண்டியது எளிய பிளஸ் வில்லை ஒரு ஜோடி, 1.74 எண்ணும் வேண்டாம், புளூ கட்டும் வேண்டாம். பரிசோதனை நாற்காலியை ஒரு முறைகூடப் பார்க்காதவர்களின் நடுவில், பல முறை உட்கார்ந்து எழுந்தவனின் புலம்பல் இது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே தொடர்கிறேன்.

திருகாணி

ஐந்தாம் மாதம் சட்டகத்தின் காதுத் தண்டில் இருந்த திருகாணி கழன்று விழுந்தது. வாங்கிய கடைக்குப் போக மனமில்லாமல், கடைகளுக்கு வில்லை வெட்டிப் பொருத்திக் கொடுக்கும் ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். உள்ளே ஒரு பெரியவர். எண்பதை நெருங்கியிருப்பார். பேசாமல் வாங்கி, பொடித் திருகாணி ஒன்றை முறுக்கி, தண்டை லேசாக வளைத்துச் சரிபார்த்து, மாட்டிப் படித்துப் பாருங்கள் என்று மேசையில் கிடந்த செய்தித்தாளை நீட்டினார். நான் படித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றேன். அவர் செய்தித்தாளைத் திரும்ப வாங்கவில்லை. “அது சரி தம்பி, ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் படிக்கிறீங்க?” என்றார்.

திருப்பவில்லையே என்றேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்துக்கொண்டிருக்கும்போது என் முகவாயை இரு விரலால் பிடித்து, நேராக நிறுத்தினார். வரியின் பாதி எண்ணெய்த் தாளானது. விரலை எடுத்தார், என் முகம், என்னைக் கேட்காமலே, சற்று இடப்பக்கம் திரும்பிக்கொண்டது, எழுத்து தெளிந்தது. என் உடம்பு எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்ததைப் பிறர் விரல் வழியாக அறிந்த அந்தக் கணத்தில் எனக்குக் கொஞ்சம் அச்சமாகவே இருந்தது. கடந்த மூன்று மாதங்களாகக் கழுத்தில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. தலையணையைக் குற்றம் சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தேன். அந்தச் செலவையும் கண்ணாடிக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, குழல் விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்துத் தேடினார். ப்ரோக்ரஸிவ் வில்லைகளில், நேராகப் பார்த்தால் தெரியாத இரண்டு சிறு குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே 34 மில்லிமீட்டர். தயாரித்தவரின் அடையாளமும் கூட்டிய பவரும்கூட அவற்றின் அருகே பொடி எழுத்தில் இருக்கும். அந்தக் குறிகளின் மேல் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தார். அவற்றின் நடுவே, சற்று மேலே, ஒரு கூட்டல் குறி போட்டார். நேராகப் பார்க்கும்போது கண்மணிக்கு நேர் முன்னால் வந்து நிற்க வேண்டிய குறி அது. கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டு, தன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் கண்ணையே பார்க்கச் சொன்னார். பிறகு மறு கண். பார்த்து முடித்ததும் சிரித்தார். “கண்ணாடி நடுவுலதான் இருக்கு தம்பி. உங்க மூக்குதான் நடுவுல இல்ல.”

கைக்கண்ணாடியில் நானும் பார்த்தேன். வலப்பக்கக் கூட்டல் குறி என் கண்மணியைவிட்டுக் காதுப்பக்கம் தள்ளி நின்றது. இடப்பக்கக் குறி மூக்குப்பக்கம் தள்ளி நின்றது. இரண்டும் ஒரே திசையில் விலகியிருந்தன. மூக்குத் தண்டின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக அளந்தார். வலக்கண் 30, இடக்கண் 34. கூட்டினால் 64. கடையில் அளந்ததும் 64தான், மறுபரிசோதனையில் வந்ததும் 64தான். அந்த 64ஐ இரண்டாக வகுத்து, 32, 32 என்று வில்லையை வெட்டியிருக்கிறார்கள். கூட்டுத்தொகையைச் சரிபார்த்த ஒவ்வொருவருக்கும் அது சரியாகவே இருந்தது. என் முகம் மட்டும் சரிபாதியாக வகுபடவில்லை.

அப்படியானால் முப்பத்தேழு ஆண்டுகளாக ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். சாதாரணக் கண்ணாடியில் தெரியாது என்றார் அவர். காரணத்தை நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொண்டேன். வில்லையின் மையத்தைவிட்டு விலகிப் பார்த்தால் அது பட்டகம் (ப்ரிஸம்) போலக் காட்சியை நகர்த்தும். எவ்வளவு நகர்த்தும் என்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு, பிரெண்டிஸ் விதி: விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்க வேண்டும். 0.2ஐ 3.75ஆல் பெருக்கினால் 0.75. அதாவது ஒரு மீட்டர் தொலைவில் முக்கால் சென்டிமீட்டர் நகர்வு. ஆனால் என் இரண்டு கண்ணும் ஒரே திசையில் விலகியிருப்பதால் இரண்டு காட்சிகளும் ஒரே பக்கம், ஒரே அளவு நகர்கின்றன. கண்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உலகம் முழுவதும் முக்கால் சென்டிமீட்டர் தள்ளி இருந்துவிட்டுப் போகிறது. ஒற்றைப் பவர் கண்ணாடி அந்தப் பிழையை மன்னித்துவிட்டது.

ப்ரோக்ரஸிவ் மன்னிக்காது. அதில் மேலிருந்து கீழாகப் பவர் மாறிக்கொண்டே வரும் ஒடுக்கமான பாதை ஒன்று உண்டு; அதன் இரு பக்கமும் மங்கல்தான். எந்த விலை கொடுத்தாலும் அந்த மங்கலை முற்றாக ஒழிக்க முடியாது. இடம் மாற்றி வைக்கலாம், பரத்தி நீர்க்கச் செய்யலாம், அவ்வளவே. பாதையில் பவர் எந்த வேகத்தில் ஏறுகிறதோ அதைப்போல இரு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் தேவையற்ற சிலிண்டர் கூடும் என்பது 1963இல் மிங்க்விட்ஸ் என்பவர் நிறுவிய தேற்றம். பிளஸ் 2.00 பவர் 14 மில்லிமீட்டர் நீளத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், பாதையின் நடுவிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளினாலே அரை டயாப்டருக்கு மேல் சிலிண்டர் சேர்ந்துவிடுகிறது. என் எண்ணெய்த் தாள் அதுதான். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக இரண்டு பவர் கொண்ட பழைய பைஃபோக்கலில் நடுவே ஒரு கோடு தெரியும். பார்க்க அழகில்லை, வயதைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று போடுகிறவருக்கும் எதிரே நிற்பவருக்கும் தெரியும். 1959இல் வணிக அளவில் வந்த ப்ரோக்ரஸிவ் அந்தக் கோட்டை அழித்தது. பிழையைக் கண்ணால் பார்க்கும் வசதியும் கோட்டோடு சேர்ந்து அழிந்துபோனது.

பாதைகள் இரண்டும் ஒரே திசையில் விலகியிருந்ததால் எனக்கு ஒரு மாற்றுவழியும் இருந்தது. முகத்தை நான்கைந்து டிகிரி இடப்பக்கம் திருப்பி, கண்களை அதே அளவு வலப்பக்கம் கொண்டுவந்தால் இரு கண்ணும் ஒன்றாகப் பாதைக்குள் வந்துவிடும். அதைக் கழுத்து தானாகக் கண்டுபிடித்து, எனக்குத் தெரிவிக்காமலே நடைமுறைப்படுத்திவிட்டது. கடைக்காரர்கள் சொன்னது போலவே பழகிவிட்டது. கண்ணுக்கு அல்ல, கழுத்துக்கு.

பழக வேண்டியது எது

அந்த இரண்டு எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, மார்க்கர் புள்ளிகளை அழிக்காமல், கடைக்குப் போனேன். அங்கே என்னோடு பேசிய பெண் மரியாதையாகவே நடந்துகொண்டார். அளந்து பார்த்து, பிழை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார். பிறகு தேதியைப் பார்த்தார். ப்ரோக்ரஸிவ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வில்லையை மாற்றித் தரும் உத்தரவாதம் தயாரிப்பாளர்களிடம் பொதுவாக உண்டு, ஆனால் அதற்குக் கெடு உண்டு. என் கெடு முடிந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. அந்த வாரங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. பழகிக்கொண்டிருந்தேன்.

பாதி விலையில் புதிய வில்லை என்று பேரம் முடிந்தது. இந்த முறை 1.60, புளூ கட் இல்லாமல். ‘பழகிடும்’ என்ற சொல்லை அன்றிலிருந்து நான் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கினேன். அதைச் சொல்கிறவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. பத்துப் பேரில் பலருக்கு அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அளவீடு ஒன்று இருந்தால்தான் அது ஆலோசனை. அளக்காமல் சொல்லும்போது, செய்தவரின் பிழைக்கான செலவை அது போடுகிறவரின் கணக்குக்கு மாற்றிவிடுகிறது. பணமாகவோ, நாளாகவோ, கழுத்தாகவோ அவர் அதைக் கட்டிக்கொண்டிருப்பார். யார் அளந்தார்கள், என்ன அளந்தார்கள், எந்த எண் வந்தது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது மட்டுமே நம் கையில் இருக்கிறது. பவர் சீட்டுக்குப் பின்பக்கம் 30, 34 என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

புதிய வில்லை வந்ததும் முதலில் பட்டறைக்குத்தான் போனேன். பெரியவர் மறுபடி புள்ளி வைத்துப் பார்த்தார். கூட்டல் குறிகள் கண்மணிகளின் மேல் உட்கார்ந்தன. காசு வாங்க மறுத்துவிட்டார். திருகாணிக்குக் கொடுத்ததே போதும் என்றார். படியில் இறங்கும்போது தரை மறுபடியும் லேசாக அசைந்தது. திரும்பி நின்று அவரிடம் சொன்னேன். “பக்கவாட்டு மங்கல் எல்லா ப்ரோக்ரஸிவ்லயும் இருக்கும் தம்பி. பார்க்க வேண்டிய பக்கம் கண்ணை மட்டும் உருட்டாம தலையையும் திருப்புங்க. நாலு நாள் ஆகும்” என்றார். மூன்று நாளே ஆனது.

நான்காம் நாள் வேலை செய்ய உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்: என் லேப்டாப் மேசையின் நடுவில் இல்லை. எப்போது நகர்த்தினேன் என்று நினைவில்லை. ஒரு சாண் அளவுக்கு வலப்பக்கம் தள்ளி இருந்தது. அது முன்பு இருந்த இடத்தில் தேநீர்க் கோப்பையின் வட்டத் தடங்கள் பதிந்திருந்தன, அத்தனை மாதங்களாகக் கோப்பையை அங்கேதான் வைத்திருக்கிறேன். லேப்டாப்பை நடுவுக்கு இழுத்து, நேராக வைத்து, படிக்கத் தொடங்கினேன். எழுத்து வரி முழுக்கத் தெளிவாக இருந்தது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், தேவையே இல்லாமல், முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது.